உஸ்பெக் சினிமாவின் முதல் தலைமுறைக் குணச்சித்திர நடிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோவியத் சினிமா என்றால் மாஸ்கோவும் லெனின்கிராடும்தான் நம் நினைவுக்கு வரும். தாஷ்கண்டில் 1925 முதல் ஒரு ஸ்டுடியோ படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி, ஊர்ப் பணக்காரர், முல்லா என்று வந்துபோனவர்களின் தொழில் வாழ்க்கையைப் பற்றியது இந்தப் பக்கம். கதாநாயகர்களைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உஸ்பெக் சினிமாவுக்கு ஒரு சொந்த முகம் கிடைத்தது இவர்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

யார் யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக மூன்று பேர். ரஹீம் பிர்முஹமேதொவ், ஓபித் ஜலீலொவ், லுத்ஃபிகானிம் சரிம்சகோவா. மூவரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிறந்தவர்கள். அதாவது ஜார் ஆட்சியில் பிறந்து, புரட்சியைப் பார்த்து, இளமையிலேயே மேடை கண்டு, முதுமையில் திரையில் உச்சத்தைத் தொட்டவர்கள். பிர்முஹமேதொவ் மௌனப் படக் காலத்து மனிதர். பேசும் படம் வந்த பிறகும் நிலைத்து நின்றார். ஜலீலொவ் தாஷ்கண்டின் ஹம்ஸா நாடக அரங்கில் வளர்ந்தவர். சரிம்சகோவா இசை நாடக மேடையிலிருந்து வந்த பாடகி. இவர்களோடு மர்யம் யாகுபோவா, அசாத் இஸ்மதொவ், ஷுகுர் புர்ஹானொவ் ஆகியோரும் ஆங்காங்கே வருவார்கள்.

உஸ்பெக் சினிமா எப்போது தொடங்கியது?

தாஷ்கண்டில் முதன்முதலாகப் படம் காட்டப்பட்டது 1897இல். உள்ளூர்க்காரர் ஒருவர் கேமராவைத் தொட்டது அதற்குச் சுமார் பத்தாண்டு கழித்து, கீவா நகரில். ஹுதாய்பெர்கன் தேவானொவ் என்பது அவர் பெயர். கீவாவில் குடியேறியிருந்த வில்ஹெல்ம் பென்னர் என்ற ஜெர்மன்காரரிடம் புகைப்படக் கலையைக் கற்றார். 1907இல் கீவாவை ஆண்ட கானின் தூதுக்குழுவோடு பீட்டர்ஸ்பர்க் போனவர், திரும்பி வந்தபின் ஊரையும் கட்டடங்களையும் படமெடுக்கத் தொடங்கினார். ஸ்டாலின் கால அடக்குமுறை அவரையும் விட்டுவைக்கவில்லை.

கதைப் படம் என்று பார்த்தால் 1924-25தான் தொடக்கம். புகாராவில் புக்கினோ என்ற நிறுவனம் லெனின்கிராட் ஸ்டுடியோவோடு சேர்ந்து ‘மரண மினாரா’ படத்தைத் தயாரித்தது. தாஷ்கண்டில் ‘ஷர்க் யுல்துஸி’, அதாவது ‘கிழக்கின் விண்மீன்’, என்ற ஸ்டுடியோ எழுந்தது. ஷைகந்தாஹுர் பகுதியில் ஒரு பழைய மதரசாவில்தான் அதைத் தொடங்கினார்கள். அதன் வாரிசுதான் இன்றைய உஸ்பெக்ஃபில்ம்.

தொடக்க காலப் படங்களில் உள்ளூர் நடிகர்களுக்கு என்ன வேடம் கிடைத்தது?

பெரும்பாலும் வில்லன் வேடம், இல்லையென்றால் கூட்டத்தில் ஒருவர். இயக்குநர், கேமராமேன், கதாசிரியர் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். 1927இல் மிகைல் தொரோனின் இயக்கிய ‘இரண்டாம் மனைவி’ நல்ல உதாரணம். உஸ்பெக் வீட்டுக்குள் நசுங்கும் ஓர் இளம்பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் மாஸ்கோவிலிருந்து வந்த ரஹீல் மெஸ்ஸரர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பாலே நடனமணி மாயா பிளிசெத்ஸ்காயாவின் தாயார் இவர்தான். அடுத்த ஆண்டு ‘தொழுநோய்ப் பெண்’ படத்திலும் கதாநாயகி அவரே.

அக்காலப் படங்களுக்கு ஓர் அரசியல் வேலை இருந்தது. பழைய வாழ்க்கை இருண்டது, புதியது ஒளி என்று காட்ட வேண்டும். ஆகவே தாடி வைத்த வயதானவர் திரையில் வந்தாலே அவர் நிலச்சுவான்தார் ‘பாய்’ ஆகவோ, ஏமாற்றும் முல்லாவாகவோ இருப்பார். வயதான பெண் என்றால் மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியார். பழைய வாழ்க்கையில் கொடுமை இருந்தது உண்மை. பலதார மணமும் சிறுமியர் திருமணமும் கற்பனை இல்லை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு உஸ்பெக் நல்ல மனிதராக, பாசமுள்ளவராக, நகைச்சுவை உணர்வுள்ளவராகத் திரையில் வர இடமே இல்லாமல் போனது. உள்ளூர்க் குணச்சித்திர நடிகர்கள் இந்தச் சின்னச் சட்டகத்துக்குள் இருந்துதான் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் வளர்ச்சியை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

நடிப்பை எங்கே கற்றார்கள்?

மூன்று ஊற்றுகள்.

முதலாவது தெருவும் சந்தையும். சினிமாவுக்கும் மேடை நாடகத்துக்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே மஸ்கராபாஸ், கிஸிக்சி என்று அழைக்கப்பட்ட கோமாளிக் கலைஞர்கள் கொகந்து, புகாரா, கீவா ஊர்களில் ஆடினார்கள். திரைச்சீலை இல்லை, எழுதிய வசனம் இல்லை. கஞ்சப் பணக்காரன், லஞ்சம் வாங்கும் காஜி, போலி வைத்தியன் ஆகியோரைக் குரலாலும் நடையாலும் அந்த இடத்திலேயே உருவாக்கிவிடுவார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இதோடு அஸ்கியா என்ற சொற்போரும் உண்டு. தேநீர்க் கடையிலோ கல்யாண வீட்டிலோ இருவர் எதிரெதிரே அமர்வார்கள். தர்பூசணி என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், கடைசிவரை அந்தப் பொருளை விட்டு விலகாமல், இரட்டை அர்த்தம் வைத்து ஒருவரையொருவர் மடக்க வேண்டும். ஒரு நொடி தயங்கினால் தோல்வி. 2014இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. உஸ்பெக் நகைச்சுவைப் படங்களில் வயதான நடிகர்கள் வசனத்தை எடுத்துக் கொடுக்கும் வேகத்தைக் கவனித்தால், பாதிக்குப் பாதி இந்தப் பயிற்சிதான்.

இரண்டாவது ஜதீத் என்று அழைக்கப்பட்ட சீர்திருத்தக்காரர்களின் மேடை. மஹ்மூத்கோஜா பெஹ்பூதியின் ‘தந்தைக் கொலைஞன்’ நாடகம் 1914 ஜனவரியில் சமர்கந்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அப்துல்லா அவ்லானியின் குழு அதைத் தாஷ்கண்டில் போட்டது. படிக்காத மகன் தறிகெட்டுப் போய் அப்பாவின் சாவுக்குக் காரணமாகும் கதை. அந்தச் சூழலில் இருந்து வந்தவர் மன்னான் உய்குர். பிறகு ஹம்ஸா அரங்கின் உயிர்நாடியான இயக்குநர் அவர்.

மூன்றாவது, 1920களில் மாஸ்கோவிலும் பாக்குவிலும் உஸ்பெக் மாணவர்களுக்காக நடந்த நாடகப் பயிற்சிக் கூடங்கள். அப்ரார் ஹிதாயதொவ், சாரா ஈஷான்துராயெவா போன்றோர் அந்தப் பயிற்சியில் வந்தவர்கள். அப்படி வந்த தலைமுறை 1941இல் தாஷ்கண்டில் ‘ஒதெல்லோ’வை உஸ்பெக்கில் நிகழ்த்தியது. ஹிதாயதொவ் ஒதெல்லோ, ஈஷான்துராயெவா டெஸ்டிமோனா.

சந்தைக் கோமாளியும் ஷேக்ஸ்பியரும் ஒரே உடம்பில் சேர்ந்திருந்த நடிகர்கள் இவர்கள்.

பெண்கள் நடிக்க வந்தது எப்படி?

உயிரைப் பணயம் வைத்து. இதை அலங்காரமாகச் சொல்லவில்லை.

1927 மார்ச் 8இல் ‘ஹுஜூம்’ என்ற முகத்திரை ஒழிப்பு இயக்கத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியது. உடலை மூடும் பரஞ்சியையும், குதிரை மயிரால் நெய்த சச்வான் முகத்திரையையும் பெண்கள் பொது மைதானங்களில் தீயில் போட்டார்கள். பதிலுக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டார்கள். பாடகி துர்சுனாய் சயீதஸிமோவாவை 1928இல் கணவரே கொன்றார். நடனக் கலைஞர் நூர்கான் யுல்தாஷ்கோஜாயெவாவை 1929இல் உடன்பிறந்த அண்ணனே கொன்றார். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. செய்த ‘குற்றம்’, முகம் காட்டி மேடையேறியது.

சரிம்சகோவா மேடைக்கு வந்தது இந்த ஆண்டுகளில்தான். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். பின்னாளில் திரையில் அவர் காட்டிய சிரிப்பையும் வாஞ்சையையும் பார்க்கும்போது, அந்த முகத்தை வெளியே காட்டவே ஒரு காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டாலின் காலத்தில் இவர்களுக்கு ஆபத்து இருந்ததா?

சினிமாத் துறைக்கே இருந்தது. சுலைமான் கோஜாயெவ் என்ற இயக்குநர் ‘விடியலுக்கு முன்’ என்ற படத்தை எடுத்தார். முதல் உலகப் போரின்போது கட்டாய வேலைக்கு ஆள் பிடித்த ஜார் அரசை எதிர்த்து 1916இல் ஜிஸ்ஸக் மக்கள் எழுந்த கதை. மத்திய ஆசிய மக்களைத் தலைநிமிர்ந்தவர்களாகக் காட்டிய படம். அது திரைக்கு வராமல் முடக்கப்பட்டது, கோஜாயெவ் கைதானார், 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இயக்குநர் தலை தப்பாத காலத்தில் நடிகர் என்ன வேடம் கேட்டு வாங்க முடியும்? சொந்த மக்களின் வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் கதைகள் அதற்குப் பிறகு நீண்ட நாள் வரவில்லை.

பேசும் படம் வந்தபோது என்ன மாறியது?

மேடை நடிகர்களின் கை ஓங்கியது. முதல் உஸ்பெக் பேசும் படம் 1937இல் வந்த ‘சபதம்’. இயக்கியவர் உஸொல்த்செவ்-கார்ஃப், முக்கிய வேடத்தில் அசாத் இஸ்மதொவ். மௌனப் படத்தில் யாரை வேண்டுமானாலும் உஸ்பெக் உடை போட்டு நிறுத்திவிடலாம். பேசத் தொடங்கியதும் அது செல்லாது. உச்சரிப்பு, பெரியவரிடம் பேசும் பாங்கு, சலாம் சொல்லும்போது நெஞ்சில் கை வைக்கும் விதம், தேநீரைப் பியாலா என்ற சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மூன்று முறை தேநீர்க் கெண்டிக்குள்ளேயே திருப்பி ஊற்றி, அதன் பிறகே பாதிப் பியாலா மட்டும் நிரப்பி விருந்தாளிக்குக் கொடுக்கும் பழக்கம், இதெல்லாம் அந்த வீட்டில் பிறந்தவருக்குத்தான் யோசிக்காமல் வரும்.

ஒரு குறை இருந்தது. சோவியத் முழுவதும் திரையிடும்போது ரஷ்ய மொழியில் டப்பிங் செய்துவிடுவார்கள். குரலாலேயே பாத்திரத்தைக் கட்டிய நடிகருக்கு அது பெரிய இழப்பு. முடிந்தால் உஸ்பெக் ஒலித்தடத்தோடு பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

போர்க்காலம் இவர்கள் தொழிலை எப்படிப் பாதித்தது?

நெருக்கடியும் வாய்ப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டாம் உலகப் போரில் சோவியத்தின் மேற்குப் பகுதி ஸ்டுடியோக்கள் தாஷ்கண்டுக்கு இடம்பெயர்ந்தன. போர் முனைக் கதையான ‘இரு வீரர்கள்’ தாஷ்கண்டில்தான் 1943இல் எடுக்கப்பட்டது. ஃபைனா ரனெவ்ஸ்காயா, சாலமன் மிகோயெல்ஸ் போன்ற பெரிய கலைஞர்கள் அந்த ஊரில் தங்கியிருந்தார்கள். உள்ளூர் நடிகர்களுக்கு இது ஒரு பல்கலைக்கழகம் மாதிரி அமைந்தது.

அதே நேரம், உஸ்பெக் நாட்டுக் கதையின் நாயகன் வேடமே வெளியாளுக்குப் போவதும் நடந்தது. 1943இல் யாகொவ் புரொதஸானொவ் எடுத்த ‘புகாராவில் நஸ்ருத்தீன்’ படத்தில் முல்லா நஸ்ருத்தீனாக நடித்தவர் லெவ் ஸ்வெர்த்லின். அருமையான நடிகர், படமும் ரசிக்கத்தக்கது. மூன்று ஆண்டு கழித்து நபி கனியெவ் ‘நஸ்ருத்தீனின் சாகசங்கள்’ எடுத்தபோது ரஸ்ஸாக் ஹம்ராயெவ் அந்த வேடத்தைப் போட்டார். தேநீர்க் கடை நகைச்சுவை அதன் சொந்தக்காரர்கள் கையில் வந்தது. அடுத்த ஆண்டே கமீல் யர்மாதொவின் ‘அலிஷேர் நவாயி’யில் ஹம்ராயெவ் கவிஞர் நவாயி, அசாத் இஸ்மதொவ் சுல்தான் ஹுசைன் பாய்கரா. படம் 1948இல் ஸ்டாலின் பரிசு பெற்றது.

அந்த யர்மாதொவும் மௌனப் படங்களில் நடிகராகத் தொடங்கியவர்தான். உஸ்பெக்ஃபில்ம் ஸ்டுடியோவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள்.

1950களில் ஏன் படங்கள் குறைவு?

போருக்குப் பிந்திய ஸ்டாலின் ஆண்டுகளில் சோவியத் நாடு முழுக்கவே தயாரிப்பு சுருங்கியது. தாஷ்கண்டிலும் அதே கதி. மேடை நாடகங்களை அப்படியே படமாக்கினார்கள்: 1953இல் லதீஃப் ஃபைஸியெவ் எடுத்த ‘பாயும் வேலைக்காரனும்’ (நிலச்சுவான்தாரும் வேலைக்காரனும்) நாடகாசிரியர் ஹம்ஸா எழுதிய நாடகம்தான். புர்ஹானொவும் ஈஷான்துராயெவாவும் அதில் இருக்கிறார்கள். கேமரா அசைவு குறைவு. ஆனால் ஹம்ஸா அரங்கின் கூட்டு நடிப்பு எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் கையில் உள்ள சாட்சி.

இவர்களின் உச்சம் எந்தப் படம்?

இரண்டு படங்கள். இரண்டையும் இயக்கியவர் ஷுஹ்ரத் அப்பாசொவ் என்ற இளைஞர்.

1960இல் வந்த ‘மஹல்லாதா துவ்-துவ் கப்’. ‘மஹல்லா முழுக்க இதே பேச்சு’ என்று பொருள்; மஹல்லா என்றால் குடியிருப்புப் பகுதி. பழைய தாஷ்கண்டின் ஒரு குறுகிய சந்து. அதில் குடியிருக்கும் அம்மாமார்கள். பிள்ளைகளுக்கு யாரைக் கட்டிவைப்பது என்று இவர்கள் ஒரு பக்கம் திட்டம் போட, பிள்ளைகள் மறுபக்கம் தாங்களே துணையைத் தேர்ந்துகொள்கிறார்கள். தூரத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. சரிம்சகோவாவும் மர்யம் யாகுபோவாவும் இந்தப் படத்தில் செய்திருப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. 1927இல் கொடுமைக்கார மாமியாராக மட்டுமே காட்டப்பட்ட அதே வயதுப் பெண், இங்கே பிடிவாதக்காரி, வாயாடி, பாசக்காரி, சமயத்தில் சின்னக் குழந்தை. மகனிடம் தோற்றுப்போகும்போதுகூட மரியாதை குறையாத ஆள். படம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, அவளோடு சேர்ந்தும் சிரிக்கிறது. படம் வெளிவந்தபோது சரிம்சகோவாவுக்கு 64 வயது.

இன்னொரு வகையிலும் இந்தப் படம் அருமையானது. 1966 ஏப்ரல் 26 அதிகாலை தாஷ்கண்டை நிலநடுக்கம் உலுக்கியது. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். பழைய நகரின் பெரும் பகுதி அதன் பின் புதிதாகக் கட்டப்பட்டது. மண்சுவர்ச் சந்துகள், முற்றத்து மரக்கட்டில், தந்தூர் அடுப்பு என்று அந்த வாழ்க்கை, அதை வாழ்ந்து பழகிய நடிகர்களின் உடம்போடு சேர்த்து இந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது.

மற்றொரு படம்?

1962இல் வந்த ‘நீ அநாதை இல்லை’. இதற்குப் பின்னால் ஓர் உண்மைக் குடும்பம் இருக்கிறது. போரின்போது பெற்றோரை இழந்த குழந்தைகள் ரயில் ரயிலாகத் தாஷ்கண்ட் வந்து இறங்கினார்கள். ஷாஅஹ்மத் ஷாமஹ்மூதொவ் என்ற கொல்லரும் அவர் மனைவி பஹ்ரி அக்ராமோவாவும் பல இனத்துக் குழந்தைகள் பதினைந்து பேரை எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அந்த வாழ்க்கையை வைத்து ரஹ்மத் ஃபைஸி எழுத, அப்பாசொவ் படமாக்கினார்.

அப்பாவாக ஓபித் ஜலீலொவ், அம்மாவாக லுத்ஃபிகானிம் சரிம்சகோவா.

அழவைக்க எவ்வளவோ வசதி உள்ள கதை. இருவரும் அந்த வழியில் போகவே இல்லை. ரொட்டி பற்றாக்குறையான வீட்டில், ஒருவர் பேசும் மொழி இன்னொருவருக்குப் புரியாத பிள்ளைகளுக்கு நடுவே, சாப்பாடு, துணி, படுக்கை என்று ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டு வயதான மனிதர்களாக இருக்கிறார்கள். ஜலீலொவ் அதிகம் பேசுவதில்லை. கொல்லுப்பட்டறை வேலையில் தேய்ந்த தோள், கொஞ்சம் குனிந்த நடை, புதிதாக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரும்போது மனைவி முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பது, இவைதான் அவர் கருவிகள். சரிம்சகோவா அந்தப் பார்வைக்குத் தரும் பதில், அலுத்துக்கொள்வதுபோல் தொடங்கி, கை தானாகப் பிள்ளையின் தலைக்குப் போவதில் முடிகிறது. வீட்டுக்குள் கேமராவை வைத்து, அங்கே குற்றம் தேடாமல் மனிதர்களைப் பார்த்தால் இந்தத் தலைமுறை நடிகர்கள் என்ன தருவார்கள் என்பதை இந்தப் படம் காட்டியது. முப்பது ஆண்டு முன்பே அப்படி வைத்திருந்தால் எத்தனை படங்கள் கிடைத்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஷாமஹ்மூதொவ் குடும்பத்துக்குத் தாஷ்கண்டில் 1982இல் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 2008இல் அதை நகர மையத்திலிருந்து அகற்றி, 2018இல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

சரிம்சகோவா கதாநாயகியாக நடித்தாரா?

திரையில் அவர் அம்மாவும் பாட்டியும்தான். மேடையில் வேறு கதை. தாஷ்கண்டின் முகிமி இசை நாடக அரங்கின் முக்கியத் தூண்களில் ஒருவர். உஸ்பெக் சோவியத் குடியரசின் மக்கள் கலைஞர் பட்டம் திரைப் புகழுக்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. தாஷ்கண்டில் முதல் படக்காட்சி நடப்பதற்கு ஓராண்டு முன், 1896இல் பிறந்தவர். உஸ்பெகிஸ்தான் தனி நாடான 1991இல் மறைந்தார். அந்த நாட்டுச் சினிமாவின் முழு வரலாறும் ஒரே ஆயுளுக்குள் அடங்கிவிட்டது.

பிர்முஹமேதொவைப் புதிதாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சின்ன வேடத்தை அவர் நிறைக்கும் விதத்தை. மௌனப் படத்தில் பழகியதால் முகமும் கையும் வசனத்துக்கு முன்பே பேசிவிடும். பேசும் படக் காலத்தில் அதை மட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டார். இது எல்லா மௌனப் பட நடிகர்களுக்கும் கைகூடவில்லை.

இந்தியாவோடு தொடர்பு ஏதும் உண்டா?

இந்த மூவருக்கு நேரடியாக இல்லை. அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்கு உண்டு. ‘பாயும் வேலைக்காரனும்’ எடுத்த லதீஃப் ஃபைஸியெவ், 1980இல் உமேஷ் மெஹ்ராவோடு சேர்ந்து இந்திய–சோவியத் கூட்டுத் தயாரிப்பான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இந்திப் படத்தை இயக்கினார். தர்மேந்திராவும் ஹேமமாலினியும் நடித்தது. தாஷ்கண்டில் 1968 முதல் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் நம் நாட்டுப் படங்களுக்கு எப்போதும் தனி வரவேற்பு இருந்தது.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

‘மஹல்லாதா துவ்-துவ் கப்’பில் தொடங்குங்கள், பாட்டும் சிரிப்புமாகப் போகும். அடுத்து ‘நீ அநாதை இல்லை’. பிறகு பின்னோக்கிப் போய் ‘அலிஷேர் நவாயி’, ‘நஸ்ருத்தீனின் சாகசங்கள்’. ‘இரண்டாம் மனைவி’யைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே அதைப் பார்த்தால் ஒரு பழைய பிரச்சாரப் படம் என்று தள்ளிவிடத் தோன்றும். மற்றவற்றை முடித்துவிட்டுப் பார்த்தால், கூட்டத்தில் ஓரமாக நிற்கும் உள்ளூர் முகங்கள் பக்கமே உங்கள் கண் போகும்.